புரியாத எச்சரிக்கை உயிர் காக்காது

இயற்கைப் பேரிடரை எவராலும் தடுத்துவிட முடியாது. ஆனால் உரிய நேரத்தில், புரியும் மொழியில், உறைக்கும் குரலில் வரும் எச்சரிக்கை உயிர்களைக் காக்கும். இந்த உண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற நாடு யப்பான்.

1995 சனவரி 17 அன்று கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கம் 6,400-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அங்கு வாழ்ந்த வெளிநாட்டவர் பலர், குடிநீர் எங்கே, தஞ்சம் எங்கே என்ற அறிவிப்புகள் புரியாது தவித்தனர். அதன் பின்னரே, இரோசாக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேரிடர்க் காலத்துக்கென 'எளிய யப்பானிய மொழி'யை வகுத்தனர். 'பின்னதிர்வு' என்ற கடினச் சொல்லுக்குப் பதிலாக, 'பிறகு வரும் நிலநடுக்கம்' என்றனர்.

சொல் எளிதாயிற்று, குரல் மாற இன்னோர் அழிவு வேண்டியிருந்தது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையின்போது பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் அறிவிப்பாளர்கள் வழமையான நிதானத்துடனேயே பேசினர். நிதானமான குரல் ஆபத்தின் கடுமையை மறைத்துவிடக்கூடும் என்பது பின்னர் உணரப்பட்டது. 2024 சனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பம் அதிர்ந்தபோது, அதே நிறுவனத்தின் பெண் அறிவிப்பாளர் "உடனே தப்பியோடுங்கள்" என்று உரத்த குரலில் திரும்பத் திரும்ப முழங்கினார்.

எச்சரிக்கை இன்மையின் விலையை நாமும் அறிவோம். 2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திரா அருகே நிலம் அதிர்ந்ததற்கும் எமது கிழக்குக் கரையை அலை தாக்கியதற்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் இருந்தது. எமது மக்களுக்கு எந்த மொழியிலும் எச்சரிக்கை வரவில்லை.

இன்று நாம் வாழும் நாடுகளில் எச்சரிக்கை கைத்தொலைபேசிக்கே வருகிறது. ஆனால் கனடாவில் அது பொதுவாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், பிரித்தானியாவில் ஆங்கிலத்திலும் வருகிறது. 'வெளியேறுங்கள்', 'உள்ளேயே இருங்கள்' என்பவை எதிரெதிரான கட்டளைகள். ஒன்றை மற்றொன்றாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

இளையோரே, பகலில் வீட்டில் தனித்திருக்கும் அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் இவ்வேறுபாட்டை இன்றே தமிழில் விளக்குங்கள். பெற்றோரே, எச்சரிக்கைகள் தமிழிலும் வரவேண்டுமென உங்கள் நகரசபைகளிடம் கேளுங்கள். அது சலுகை கோருதல் அன்று. உயிர்வாழும் உரிமையைக் கோருதல்.