கடலோரச் சாலையில் ஐந்து இளைஞர்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகருக்குத் தென்மேற்கே, டார்கே என்னும் சிற்றூரில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை ஏறத்தாழ 243 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு சாலை செல்கிறது. ‘கிரேட் ஓஷன் ரோடு’ என்பது அதன் பெயர்; பெருங்கடல் சாலை என்று நாம் சொல்லிக்கொள்வோம். முதுகில் பையைச் சுமந்துகொண்டு, மலிவான விடுதிகளில் தங்கி, நாடு நாடாகச் சுற்றும் இளைஞர்கள் ஆஸ்திரேலியா வந்தால் இச்சாலையைக் காணாமல் திரும்புவது அரிது.

நமக்கென்ன அதில் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். மெல்பர்னில் கல்வி பயிலும் நம் பிள்ளைகளும், விடுமுறை கிடைத்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக் காரில் புறப்படும் முதற்பாதை இதுவே. 2024 ஆம் ஆண்டு முதல் 18 வயதிலிருந்து 30 வயது வரையுள்ள இந்திய இளைஞர்கள் ஆண்டுக்கு 1000 பேர், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே ஓராண்டு தங்கிச் சுற்றவும் வேலை செய்யவும் வழி பிறந்திருக்கிறது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே தொலைபேசியின் அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோர், அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதை அறிந்திருப்பது நன்று.

என் சகோதரியின் மகன் அங்கே பயில்கிறான். அவனைக் காணச் சென்றிருந்தபோது அவனும் நண்பர்களும் இப்பயணத்திற்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தனர். ஹைதராபாத்காரர் ஒருவர், இலங்கைக் கல்முனையைச் சேர்ந்த ஒருவர், மலேசிய மாணவர் ஒருவர், விடுதியில் பழக்கமான ஜெர்மானியர் ஒருவர். ஐந்து பேருக்கும் ஐந்து முதுகுப் பைகள். ஆறாவதாக நான், ஒரு கைப்பெட்டியோடு.

“ஒரே நாளில் போய் வந்துவிடலாம் மாமா, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்” என்றான் மருமகன். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடலோரமாகச் சென்றால் பெயர்பெற்ற பாறைத் தூண்கள் வரை சுமார் 280 கிலோமீட்டர். உள்நாட்டுப் பெருவழியில் திரும்பினால் இன்னும் ஏறக்குறைய 230. வளைவுகள் மிகுந்த அந்தச் சாலையில் எங்கும் இறங்காமல் சென்றாலே நான்கைந்து மணி நேரம் ஆகும். விடியுமுன் புறப்பட்டு, நாள் முழுதும் சுற்றிக் களைத்தவர், இரவில் ஐந்து நண்பர்களின் உயிரைக் கையில் பிடித்தபடி வண்டி ஓட்ட வேண்டும். சிக்கனம் என்று அவர்கள் கருதியது ஓரிரவு விடுதிக் கட்டணத்தைத்தான். அதை நான் தருவதாகச் சொன்ன பின்பே பயணம் இரண்டு நாளாயிற்று.

ஜெர்மானியருக்குச் சாலையின் வலப்பக்கம் ஓட்டியே பழக்கம். ஆஸ்திரேலியாவிலோ நம் நாட்டைப் போல இடப்பக்கம். காட்சி முனைகளில் நிறுத்திப் படமெடுத்துவிட்டுப் புறப்படும்போது, பழக்க தோஷத்தால் எதிர்ப்பக்கம் ஏறிவிடும் வெளிநாட்டவர் உண்டு. அதற்காகவே இச்சாலையில் இடப்பக்கம் செல்லுமாறு அறிவிப்புகளும் அம்புக்குறிகளும் இட்டிருக்கிறார்கள். எங்கள் ஜெர்மானியர் முதல்நாள் ஓட்டுவதில்லை என்று தாமே விலகிக்கொண்டார். அவர்மீது எனக்கு மதிப்பு அங்கேயே ஏற்பட்டது.

ஈஸ்டர்ன் வியூ என்னுமிடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான ஒரு வளைவு நிற்கிறது. பலர் அதனடியில் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 60,000 ஆஸ்திரேலியர் மாண்டனர். 1915 இல் கலிப்போலியில் உஸ்மானியத் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டு மடிந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். உயிரோடு திரும்பியவர்களுக்கு வேலையில்லை. அத்தகையோர் சுமார் 3,000 பேர் 1919 முதல் 1932 வரை கடப்பாறையும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு, வெடிவைத்துப் பாறையைப் பிளந்து இச்சாலையை அமைத்தனர். எட்டு மணி நேர உழைப்புக்குப் பத்தரை ஷில்லிங் கூலி, தங்குவதற்குக் கூடாரம். இறந்துபோன தோழர்களின் நினைவாகவே இது எழுந்தது. இதற்காகப் பெரிதும் பாடுபட்ட ஹோவர்டு ஹிட்ச்காக் என்பார் திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு காலமானார். விழா ஊர்வலத்தில் அவருடைய கார் மட்டும் அவரின்றிச் சென்றது. இவற்றையெல்லாம் நான் கூறியபோது இளைஞர்கள் கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டனர்.

லோர்ன் கடற்கரையில் குளிக்க இறங்கினார்கள். கூட்டமில்லாத ஓரிடத்தில் தண்ணீர் அமைதியாகக் காணப்பட்டது; இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் கருநீலமாய் அலையின்றிக் கிடந்தது. மலேசிய மாணவர் அங்கே ஓடினார். கல்முனைப் பிள்ளை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “எங்கள் கரையிலும் இப்படி இருக்கும். அலை இல்லாத இடம்தான் ஆளை இழுக்கும்” என்றார். முற்றிலும் உண்மை. கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பிப் பாயும் வழி அது. அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சலடித்தால் களைத்து மூழ்குவார். பதறாமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வலுவிருந்தால் பக்கவாட்டில், அலை உடையும் பகுதியை நோக்கி நீந்த வேண்டும். உயிர்காப்போர் காவலிருக்கும் இடத்தில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகள் நட்டிருப்பார்கள். அவ்விரண்டுக்கும் இடையில் மட்டுமே குளிக்கலாம். ஆஸ்திரேலியா செல்லும் பிள்ளைக்கு ஊறுகாய்ப் பொட்டலத்தோடு இந்தச் செய்தியையும் கட்டியனுப்புங்கள்.

அப்பல்லோ பேயில் இரவு தங்கினோம். அடுக்குக் கட்டில்கள், பொதுவான சமையலறை. மருமகன் நெய்ச்சோறு ஆக்க, ஜெர்மானியர் பாத்திரம் கழுவினார். அதற்கு முன், பகலில் புல்வெளியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ நின்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அங்கே நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். ஹைதராபாத்காரர் அதைத் தெற்கென்று கொண்டு கிழக்கு முகமாய் நின்றுவிட்டார். நம் ஊரைப் போலவே அங்கும் கிப்லா ஏறத்தாழ மேற்குதான்.

மறுநாள் போர்ட் கேம்பெல் பகுதி. அங்கிருந்து தெற்கே அண்டார்டிகா வரை இடையில் நிலமில்லை. அந்தக் கடல் சுண்ணாம்புப் பாறையை ஓயாது அரித்துக்கொண்டிருக்கிறது. ஈஸா (அலை) அவர்களின் சீடர்கள் பன்னிருவர் எனக் கிறித்தவர் கூறுவதையொட்டி ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்று பெயர் பெற்ற பாறைத் தூண்கள் உண்மையில் ஒன்பதாகவே இருந்தன. 2005 ஜூலையில் ஒன்று நொறுங்கி விழவே, எஞ்சியவை எட்டு. சற்று அப்பால் ‘லண்டன் பிரிட்ஜ்’ எனப்பட்ட இயற்கைப் பாலம் இருந்தது. 1990 ஜனவரி 15 அன்று இருவர் அதன்மேல் நடந்து மறுமுனைக்குச் சென்றிருந்தபோது, கரையோடு இணைத்த பகுதி முன்னறிவிப்பின்றி இடிந்தது. நடுக்கடல் பாறையில் தனித்து நின்ற அவர்களை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. ஆனால், வேலி தாண்டி விளிம்பில் நின்று படமெடுப்போரை அங்கே நான் கண்ணாரக் கண்டேன். விளிம்பு மேலிருந்து பார்க்க உறுதியாகவே தோன்றும். அடியை அலை குடைந்திருப்பது நிற்பவருக்குத் தெரியாது.

லாக் ஆர்டு பள்ளத்தாக்கில்தான் நெடுநேரம் இருந்தோம். 1878 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து 54 பேருடன் புறப்பட்ட லாக் ஆர்டு என்னும் பாய்மரக் கப்பல், மூன்று மாதப் பயணத்தின் இறுதியில், மறுநாள் கரை சேரும் மகிழ்ச்சியில் விருந்துண்ட இரவுக்குப் பின், ஜூன் 1 அதிகாலை மூடுபனியில் பாறையில் மோதியது. 52 பேர் மாண்டனர். டாம் பியர்ஸ் என்ற 18 வயதுப் பயிற்சி மாலுமி கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு இப்பள்ளத்தாக்கின் கரையில் ஒதுங்கினார். நீரில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. தப்பிய உயிரோடு கரையில் நின்றவர், மீண்டும் அக்கடலில் பாய்ந்து ஈவா கார்மைக்கேல் என்ற இளநங்கையை இழுத்துவந்து குகையில் சேர்த்தார். பின் செங்குத்தான பாறையேறி உதவி தேடினார். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஒரே இரவில் இழந்த ஈவாவுக்கும் டாமுக்கும் மணம் முடிக்கப் பத்திரிகைகள் துடித்தன. ஊர்வாய்க்கு எக்காலமும் இதுதான் தொழில்! அப்பெண்ணோ அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டார். அக்கப்பலின் சரக்கிலிருந்த பீங்கான் மயில் ஒன்று உடையாமல் கரையொதுங்கி, இன்றும் வார்னம்பூல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பொழுது சாயுமுன் புறப்பட்டோம். அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். மோதினால் விலங்கும் வண்டியும் தப்பா. கோலாக் ஊரில் தேநீர் அருந்தியபின், இரண்டு மணி நேரம் ஓட்டிய மருமகன் சாவியை ஹைதராபாத்காரரிடம் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கையில் சாய்ந்து உறங்கிப்போனான். முன்னிருக்கையில் அமர்ந்த கல்முனைப் பிள்ளை, ஓட்டுபவருக்குத் தூக்கம் வராதபடி தம் ஊர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டே மெல்பர்ன் வரை கண்மூடாமல் வந்தார்.