பார்க்கரின் இரு பாஷைகள்

விளையாட்டுக்கென ஒரு பாஷையைச் சிருஷ்டிப்பதென்றால், கண்ட எழுத்துக்களைக் குலுக்கிப் போட்டுக் கரடுமுரடான நாலு பெயர்களை உண்டாக்கிவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்களே மிகுதி. 1975-இல் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்ற பெயரில், ஆடுவோர் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டாக வெளிவந்த டெக்குமெல் உலகத்தையும், அவ்வுலகப் பேரரசின் மொழியாகிய ட்ஸோல்யானியையும் படைத்த எம். ஏ. ஆர். பார்க்கர் அந்த ரகத்தவர் அல்லர். மினசோட்டா சர்வகலாசாலையில் தெற்காசியத் துறைப் பேராசிரியராக இருந்தவர். உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதியவர். அதற்கெல்லாம் முன்பே, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கிளமாத் பழங்குடியினரின் பேச்சை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி, கதைத் தொகுதி, அகராதி, இலக்கணம் என்று 1963, 1964-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவர்.

அந்தச் செவிப் பயிற்சி ட்ஸோல்யானியில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. வலமிருந்து இடமாக ஓடும் அதன் லிபி வெறும் வெளித்தோற்றமே. எதிரே நிற்பவரின் அந்தஸ்தை அளந்து விளிப்பதற்கு அதில் உள்ள முன்னிலைப் பதங்களோ ஏராளம். தூ, தும், ஆப் என்னும் உருதுவின் மூன்று படிகளைப் போதித்தவருக்கு அவை போதவில்லை போலும்! ஆட்டக்காரர்கள் ஜகால்லா என்னும் துறைமுகத்தில் சிறு படகில் வந்திறங்கும் அந்நியராகவே ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். மரியாதைப் பிசகுக்குக் கழுமரம் காத்திருக்கும் அத்தகைய நாட்டில், யாரை எப்படி விளிப்பது என்ற இலக்கணம் அலங்காரமாக இராமல் பிராண ரக்ஷணைக்கான சாதனமாகவே ஆகிவிடுகிறது. சமூகத்தின் ஏற்றத்தாழ்வை நூறு பக்கம் வர்ணிப்பதைவிட இது வலிய உபாயம் என்பது நமது அபிப்பிராயம்.

இத்தகைய மனிதர் புனைபெயரில் மறைந்துகொண்டு, யூதத் துவேஷம் மலிந்த 'சர்ப்பென்ட்ஸ் வாக்' என்னும் நாஜி ஆதரவு நாவலை 1991-இல் வெளியிட்டார் என்பதை, அவர் காலமாகிப் பத்தாண்டு சென்றபின், 2022-இல், டெக்குமெல் அறக்கட்டளையே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அயலார் பேச்சை அத்தனை நுட்பமாகக் கேட்டறிந்தவர் அயலாரை வெறுத்தது எவ்வாறு என்பதற்குச் சமாதானம் தேட நாம் முற்படவில்லை. அவர் எழுதியதையெல்லாம் தள்ளிவிட வேண்டும் என்ற குரலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிளமாத் மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2003-இல் மறைந்துவிட்டார். பார்க்கரின் அகராதியையும் இலக்கணத்தையும் ஒதுக்கினால் நஷ்டம் அவருக்கன்று, மூதாதையர் மொழியைக் கற்க விழையும் அம்மக்களுக்கே. ட்ஸோல்யானிக்கு அந்த நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. வேண்டுவோர் ஆடலாம், வேண்டாதோர் விட்டுவிடலாம்.