தாம்போதியும் நியூற்றன் விதிகளும்

கல்லூரியில் நாம் கற்றவற்றுள் பரீட்சை முடிந்ததும் மறந்தவை பல. மறக்கத் தகாதனவோ, 1687ஆம் ஆண்டிலே ஐசாக் நியூற்றன் வெளியிட்ட இயக்க விதிகள் மூன்றுமாம். அவற்றை ஒப்புவித்துப் புள்ளி பெற்ற நாமே வீதியில் இறங்கியதும் அவற்றை மறந்துவிடுகின்றோம் என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

முன்னாளிலே தீவக மக்கள் பயணத்தில் அஞ்சியது காற்றுக்கும் கடலுக்குமே. இன்றோ பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும், புங்குடுதீவுத் தாம்போதி கடந்து குறிகட்டுவான் துறைக்கும் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் விரைகின்றன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகைப் பிடிக்கும் அவசரம் ஒருபுறம். இருமருங்கும் கடல் சூழ்ந்த வெளியான வீதி மறுபுறம். வேகத்துக்கு வேறு தூண்டுதலும் வேண்டுமோ?

முதலாம் விதியை நூலிற் படித்தோம், பஸ்ஸில் உணர்ந்தோம். சாரதி திடீரெனப் பிரேக்கை அழுத்த, நின்றுகொண்டிருந்த நாம் முன்னே சாய்ந்தோம். வண்டி நின்றது, உடல் நிற்கவில்லை. இதுவே சடத்துவம். மதிலில் மோதிய மோட்டார் சைக்கிள் நின்றுவிடும். அதில் இருந்தவரோ அதே வேகத்துடன் முன்னே எறியப்படுவார்.

இரண்டாம் விதியை நம் கடலோடிகள் கையாலே அறிவர். படகு துறையை அணையும்போது இடையிலே பழைய ரயர் ஒன்றைக் கொடுப்பர். படகின் உந்தம் அழிந்தே தீரும்; ஆனால் அழியும் நேரம் நீள, தாக்கும் விசை குறையும். தலைக்கவசத்தின் உட்பஞ்சு செய்வதும் இதுவே. 1959இல் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின் வொல்வோ வண்டிக்கென அமைத்த மூன்று முனை ஆசனப்பட்டி செய்வதும் இதுவே. உடல் நிற்கும் தூரம் பத்து மடங்காயின், சராசரி விசை பத்தில் ஒன்றாகும்.

மூன்றாம் விதியைப் பலர் பிழைபட விளங்கிக்கொள்கின்றனர். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் மோதினால் இரண்டின் மீதும் தாக்கும் விசை சமமே. ஆனால் 10,000 கிலோகிராம் திணிவுள்ள பஸ்ஸைவிட, ஓட்டுநருடன் 200 கிலோகிராம் உள்ள சைக்கிளின் வேகமாற்றம் 50 மடங்கு பெரிதாகும். விசை சமம்; விளைவு சமமன்று.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மதிலில் மோதுதல், 14 மீற்றர் உயரப் பனையிலிருந்து விழுதலுக்கு ஒப்பாகும். வேகத்தைப் பாதியாக்கின் அவ்வுயரம் மூன்றரை மீற்றராகும். தளைநாரின்றிப் பனையேற அஞ்சும் நாம், தலைக்கவசமின்றி வண்டியேற அஞ்சாதது ஏன்?

வீதி பழுதென்று குறைகூறுவாரும் உளர். குறை உண்மையே. எனினும் செப்பனிட்ட வீதியிலேதான் வேகம் மிகுகின்றது என்பதை அவர் எண்ணுவாராக.

ஆசிரியப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று: இவ்விதிகளைக் கரும்பலகையோடு நிறுத்தாது, கல்லூரி வாயிலில் ஓடும் வண்டிகளைக் காட்டிக் கற்பியுங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்க்கும் ஒன்று: தம்பிக்கும் மருமகனுக்கும் மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் அனுப்புவோர், நல்ல தலைக்கவசத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள், அணிகின்றானா என்றும் கேளுங்கள்.

பொலிசாரின் கண்ணுக்குத் தப்புவோர் உளர். நியூற்றன் விதிக்குத் தப்பினார் இலர். தவறவிட்ட படகு நாளையேனும் துறைக்கு வரும். மெல்லச் செல்வோமாக.