கம்பெனி ஷெட்டா? தெருமுனைப் பட்டறையா? கார்க்காரர்களை மிரட்டும் 'வாரண்டி' பூச்சாண்டி!

கார் வைத்திருப்பவர் என்றால் பணக்காரர் என்று அர்த்தமாக இருந்த காலம் சென்னையில் எப்போதோ மலையேறிவிட்டது. இன்று மாதத் தவணையில் கார் வாங்கிய குமாஸ்தா இருக்கிறார். கை மாறி வந்த பழைய காரில் கோயம்பேட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் கடைக்காரர் இருக்கிறார். கால் டாக்சி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் டிரைவர் இருக்கிறார்.

இவர்கள் எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைக்கும் வார்த்தை ஒன்று உண்டு. சர்வீஸ்!

வண்டியை எங்கே விடுவது? விற்ற கம்பெனியின் ஷெட்டிலா? நாலு தெரு தள்ளி வேப்ப மரத்தடியில் ஜாக்கி போட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கிடமா?

ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். கம்பெனி ஷெட்டுக்குப் போகிறவர்களில் பலர் பயந்துகொண்டு போகிறார்கள். பட்டறைக்குப் போகிறவர்களில் பலர் நாலு காசு மிச்சம் பிடிக்கும் ஆசையில் போகிறார்கள். பயமும் ஆசையும் வண்டி ஓட்டினால் பர்சு பத்திரமாக வீடு வந்து சேருமா?

காப்பி இலவசம், பில் கனம்!

கம்பெனி ஷெட்டில் நுழைந்தால் மரியாதைக்குக் குறைவில்லை. ஏ.சி. அறை, சோபா, டி.வி., காப்பி. டை கட்டிய இளைஞர் வண்டியைச் சுற்றி ஒரு நடை வருவார். அப்புறம் ஆரம்பிப்பார்.

"சார், த்ராட்டில் கிளீனிங் ஒண்ணு பண்ணிடலாம். இன்ஜெக்டர் கிளீனிங்கும் பண்ணிட்டா மைலேஜ் நல்லா வரும். ஏ.சி.ல கிருமி நாசினி அடிச்சிடலாம். அடியில துரு பிடிக்காம கோட்டிங் போட்டுடலாம்..."

வந்தவர் ஆயிலும் பில்டரும் மாற்ற வந்தவர். பக்கத்தில் மனைவி, குழந்தைகள். பின்னால் அடுத்த வண்டிக்காரர் நிற்கிறார். 'வேண்டாம்' என்று சொன்னால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். சாயந்தரம் பில்லைப் பார்க்கும்போது தலை சுற்றுகிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு என்ன மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் மட்டும் போதும் என்பதை கார் தயாரித்த கம்பெனியே ஒரு புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது தூங்குகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத வேலையை ஷெட்டில் சொன்னால், "புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க சார்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பாதி அயிட்டம் பில்லிலிருந்து தானாக இறங்கிவிடும்.

டை கட்டிய அந்த இளைஞரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். இந்த மாதம் எத்தனை 'ட்ரீட்மென்ட்' விற்றாய் என்று கேட்கிறார்.

'வாரண்டி போயிடும் சார்!'

இத்தனை தெரிந்தும் ஜனங்கள் ஏன் அங்கேயே போகிறார்கள்? அந்த ஒரு வார்த்தைதான் காரணம். வாரண்டி!

"வெளியில கை வெச்சீங்கன்னா வாரண்டி போயிடும் சார்."

இந்த வாக்கியத்தைக் கேட்காத கார்க்காரர் சென்னையில் இருக்க முடியாது. பஞ்சர் ஒட்டக்கூட கம்பெனியைக் கேட்டுத்தான் போக வேண்டுமோ என்று பயந்து சாகிறவர்கள் உண்டு. அந்த வாக்கியம் முழு உண்மையா?

வியாபாரத்தில் ஒருவரே எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுக்கொள்ளாமல் கண்காணிக்க மத்திய அரசு அமைத்தது இந்திய போட்டி ஆணையம். 2014 ஆகஸ்டில் இந்த ஆணையம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம்! ஒரிஜினல் உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உள்நாட்டுக் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி என்று வித்தியாசமில்லாமல் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் அதில் சிக்கின. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின. அது வேறு கதை.

சாமானியனுக்கு வேண்டியது அந்த உத்தரவில் இருந்த இன்னொரு விஷயம். வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை போடக்கூடாது என்று ஆணையம் சொன்னது. வெளியில் செய்த தப்பான வேலையால் ஒரு பாகம் கெட்டுப்போனால், அந்த அளவுக்கு மட்டும் கம்பெனி கையை விரிக்கலாம். வெளியில் ஹாரன் மாற்றியவருக்கு கியர்பாக்ஸ் வாரண்டி கிடையாது என்று சொல்ல முடியாது!

இது வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. எத்தனை ஷோரூமில் இதை எழுதி மாட்டியிருக்கிறார்கள்? பெயின்ட் பாதுகாப்பு விளம்பரம் மட்டும் சுவர் கொள்ளாமல் தொங்குகிறது.

அதற்காக வாரண்டி காலத்தில் கம்பெனி ஷெட்டை மறந்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். புத்தகத்தில் சொன்ன சர்வீஸ்களை அந்தந்தக் காலத்தில் அங்கேயே செய்து முத்திரை வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். நாளைக்கு இன்ஜினில் பெரிய கோளாறு வந்தால் வழக்கு, வக்கீல் என்று அலைய வேண்டாம். வண்டியை விற்கும்போதும் அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு.

புதுப்பேட்டையில் கிடைக்காதது உண்டா?

இனி பட்டறைப் பக்கம் வரலாம்.

வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கார் தயாரான காலத்தில், அம்பாசிடரும் ஹெரால்டும் ஓடிய காலத்தில், ஒரு ஸ்பானர் செட்டும் கூர்மையான காதும் இருந்தால் மெக்கானிக். பானெட்டைத் திறக்காமலே "டேப்பெட் சத்தம் சார்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஜாதி மெக்கானிக்குகள் இன்னும் நகரத்தில் இருக்கிறார்கள். வண்டியை யார் தொடுகிறார், எதைக் கழற்றுகிறார் என்று கண்ணெதிரே நின்று பார்க்கலாம். கம்பெனி ஷெட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம். கூலியும் பட்டறையில் குறைவு. ஒரு பாகத்தைச் சரி செய்ய முடிந்தால் சரி செய்வார். கம்பெனியில் முழு செட்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. கம்பெனி ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும்? செவ்ரோலே கார் 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் கார் செய்த போர்டு கம்பெனி 2021-ல் உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது. அந்த வண்டிகளை வாங்கியவர்கள் 'இனி ஷெட் இருக்குமா, பார்ட்ஸ் வருமா' என்று கலங்கினார்கள். தெருமுனை மெக்கானிக் எங்கேயும் போகவில்லை. அவர் கடையில் இன்றும் அந்த வண்டிகள் வந்து நிற்கின்றன.

ஆனால் மரத்தடியில் இருப்பவர் எல்லாம் மகான் என்றும் நினைக்க வேண்டாம்!

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது உதிரி பாகம் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். கழற்றிப் போட்ட கதவிலிருந்து இன்ஜின் வரை மலை மாதிரி குவிந்து கிடக்கும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, பம்பர் என்றால் பழசு வாங்குவதில் தப்பே இல்லை. காசு மிச்சம். ஆனால் புதுப்பேட்டைச் சரக்கை மாட்டிவிட்டு பேட்டர்ஸ் ரோட்டு விலையைப் போட்டால்? அது பகல் கொள்ளை.

அதைவிட மோசம் டூப்ளிகேட். அட்டைப் பெட்டி ஒரிஜினல் மாதிரியே இருக்கும். முத்திரை இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். பிரேக் பேடிலும் ஸ்டியரிங் பாகத்திலும் டூப்ளிகேட் மாட்டுவது ஏமாற்று வேலை மட்டுமல்ல, கொலைக்குச் சமம். போலி முத்திரைச் சரக்கு விற்பவனுக்கு 1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. காலி ஆயில் டின்னைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் ஓட்டை போட்டுப் போடுங்கள் என்று விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்த டின் எங்கே போய், எதை நிரப்பிக்கொண்டு திரும்பி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

வண்டியும் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு சென்சார் இல்லாத இடமே இல்லை. டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வேறு. இன்ஜின் லைட் எரிந்தால் காதை வைத்துக் கேட்டுப் பயனில்லை, ஸ்கேனர் மாட்ட வேண்டும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் 'இது மாத்திப் பார்க்கலாம், அது மாத்திப் பார்க்கலாம்' என்று பரீட்சை நடத்துவார்கள். பரீட்சைப் பீஸ் கட்டுவது வண்டிக்காரர்!

வேலையைப் பார்த்து இடம்

ஆகவே, எந்த இடம் நல்ல இடம் என்று கேட்பதே தப்பு. எந்த வேலைக்கு எந்த இடம் என்று கேட்க வேண்டும். ஏர் பேக், ஏ.பி.எஸ்., சாவி புரோகிராம் போன்றவற்றுக்குக் கம்பெனி ஷெட். கம்பெனியே 'இந்தப் பாகத்தில் குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள்' என்று திரும்ப அழைத்தால் அங்கேதான் போக வேண்டும். அதற்குக் காசு கிடையாது. வாரண்டி முடிந்த வண்டிக்கு ஆயில், பில்டர், பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர், பேட்டரி என்றால் ஸ்கேனர் வைத்திருக்கிற, பில் கொடுக்கிற, பழகின மெக்கானிக் போதும்.

பில் கொடுக்கிற என்பதில்தான் முடிச்சு இருக்கிறது.

"பில்லு எதுக்கு சார், நான் எங்க ஓடிடப் போறேன்?" என்பார் பட்டறைக்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் மூன்றாம் மாதம் கிளட்ச் போனால், அவர்தான் மாட்டினார் என்பதற்கு என்ன அத்தாட்சி? வருஷ வருமானம் ரூ.20 லட்சத்துக்குள் இருக்கும் பட்டறை ஜி.எஸ்.டி. பில் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண ரசீது கொடுக்கலாமே! ரசீது தராமல் இருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். மாட்டின பாகத்தின் பெயர், கம்பெனி, விலை, கூலி நாலையும் எழுதி வாங்க வேண்டும். கழற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். கம்பெனி ஷெட்டிலும் இதைக் கேட்கலாம். கேட்டால் முகம் மாறும். மாறட்டும்!

வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட் எழுதி வாங்குவது முக்கியம். செய்த வேலைக்குக் கூலி வரும் வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள மெக்கானிக்குக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. வண்டியை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்று சண்டை போட்டால் பலம் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பில்லில் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். கார் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. ஆயிரம் ரூபாய்ப் பாகம் ரூ.1,280 ஆக இருந்தது ரூ.1,180 ஆகியிருக்க வேண்டும். ஆகியிருக்கிறதா? பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் புகார் செய்யக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணையதளமே திறந்தது. கார் கம்பெனிகளும் அதில் விவரம் தர வேண்டியவர்கள் பட்டியலில் உண்டு. நல்ல காரியம். ஆனால் டெல்லியில் திறந்த கதவு ஷெட் வாசலில் தெரியவில்லையே! கூலி விவரத்தையும் வாரண்டி விஷயத்தில் ஜனங்களுக்குள்ள உரிமையையும் தமிழில் எழுதி ஒவ்வொரு ஷெட் வாசலிலும் மாட்டச் சொல்ல அதிகாரிகளுக்கு என்ன தயக்கம்? ஓட்டல்காரர் இட்லி விலையை எழுதிப் போடவில்லையா?

மழை வருது, சாவியைத் தொடாதே!

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் சென்னையில் கார்கள் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் மழை அறிவிப்பு வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நிறுத்தியவர்கள் பட்டவர்கள்.

தண்ணீர் ஏறின வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. காற்றை அழுத்துகிற மாதிரி தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினே காலி. சாதாரண பாலிசியில் அந்த நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரிப்பது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் ஆச்சு. வண்டி கம்பெனி ஷெட்டுக்குப் போனாலும் சரி, பட்டறைக்குப் போனாலும் சரி, முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். அடுத்தது இன்சூரன்ஸ்காரருக்குப் போன். சர்வேயர் வந்து பார்த்த பிறகுதான் ஸ்பானர்.