காரின் ஒலியை அடக்காதீர்கள்

சென்ற மாதம் பேரன் ஓட்டிய காரில் ஏறினேன். அவன் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பெல்ட் போடாமலே வண்டியை எடுத்தான். எச்சரிக்கை ஒலி வரவில்லை. பார்த்தால், பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் கிளிப் ஒன்று செருகியிருந்தது.

"அது சும்மா கத்திக்கிட்டே இருக்கும் தாத்தா. அப்பாதான் வாங்கிப் போட்டார்" என்றான்.

இந்த கிளிப்புகளை விற்கக் கூடாதென்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் ஏற்கெனவே நம் வண்டியில் கிடப்பதை நாம்தானே எடுக்க வேண்டும்?

நான் ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவன். எஞ்சினில் விழிப்புக் கருவி ஒன்று உண்டு. ஓட்டுநர் ஒரு நிமிடம் எதையும் இயக்காமல் இருந்தால் விளக்கு எரியும். பிறகு ஒலி எழும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். முப்பது வருட அனுபவசாலிக்கும் இதே விதிதான். மூன்று மாத அனுபவக்காரருக்கு மட்டும் ஏன் ரோஷம்?

2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பெல்ட் எச்சரிக்கையோடு வேக எச்சரிக்கையும் கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலிக்கும். பின்னால் எடுக்கும்போது உதவும் சென்சாரும் உண்டு. ஆனால் ஒலி வராததாலேயே ஆபத்து இல்லை என்று ஆகாது. பள்ளிக்கூட வாசலில் 60இல் போனாலும் அந்த வேக எச்சரிக்கை வாய் திறக்காது. தாழ்வான கல்லும் மெல்லிய கம்பியும் சென்சாருக்குத் தப்பிவிடும். திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அது கெடுத்துவிடக் கூடாது.

இப்போது சில கார்களில், நாம் குறித்து வைத்த வேகத்தைத் தாண்டினால் நம் கைபேசிக்கே செய்தி வருகிறது. புதிதாக ஓட்டுபவருக்கு முதல் ஒரு வருடம் இதை வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். செய்தி வந்ததும் போனில் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். ஓட்டிக்கொண்டே போனை எடுப்பான், அது இன்னும் ஆபத்து. எஞ்சினில் பதிவாகும் வேகத்தை லோகோ இன்ஸ்பெக்டர் பிறகு படித்துப் பார்ப்பார். ஓட்டுநரோடு எஞ்சினில் கூடவே போய், எங்கே தவறு என்று எடுத்துச் சொல்வார். நாமும் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சொல்லலாமே.

அன்று இரவே மகனிடம் பேசினேன். முதலில் சிரித்தான், பிறகு பேசாமல் போய் கிளிப்பை எடுத்துவிட்டான். அடுத்த சங்க விழாவுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பும்போது, உங்கள் வண்டியையும் ஒருமுறை பாருங்கள்.