பெயர்ப் பட்டியல் கேட்ட மனைவி: ஸ்டொக்டேல் தம்பதியரின் கதையும் நமது கேள்வியும்

வியட்நாம் யுத்தம் முடிந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த யுத்தத்தில் சிறைப்பட்டு மீண்ட அமெரிக்கப் படையினரைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் ஏராளமாக வந்துள்ளன. பெரும்பாலானவை சிறைக்குள் இருந்த ஆண்களின் மனவுறுதியைப் பேசுபவை. கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டொக்டேலின் கதையும் அப்படித்தான் அதிகம் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கதையின் மறுபாதி அவருடைய மனைவி சிபிலுடையது. கணவன் எங்கே என்று கேட்டு வீதியோரக் கொட்டகையில் மனைவிமார் காத்திருக்கும் மண்ணிலிருந்து வாசிக்கும்போது, அந்த மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜேம்ஸும் சிபிலும் 1947 ஜூனில் திருமணம் செய்தவர்கள். நான்கு ஆண் பிள்ளைகள். 1965 செப்டெம்பர் 9ஆம் திகதி வட வியட்நாமுக்கு மேலே ஸ்டொக்டேலின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பரசூட்டில் இறங்கியவரைக் கிராமத்தவர்கள் சூழ்ந்து தாக்கினார்கள். கால் முறிந்தது. பிரெஞ்சுக் காலனித்துவக் காலத்தில் கட்டப்பட்ட ஹனோயின் ஹோவா லோ சிறையில் அடைக்கப்பட்டார். ஏழரை ஆண்டுகள் நீடித்த சிறைவாசத்தில் நான்கு ஆண்டுகள் தனிமைச் சிறை, இரண்டு ஆண்டுகள் காலில் விலங்கு.

அவருக்குள் ஓர் இரகசியமும் இருந்தது. 1964 ஓகஸ்ட் 4ஆம் திகதி இரவு டொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லித்தான் வொஷிங்டன் யுத்தத்தை விரிவுபடுத்தியது. அந்த இரவு கப்பல்களுக்கு மேலே பறந்த விமானி அவர். எதிரிப் படகு எதையும் அவர் காணவில்லை. சித்திரவதையின்போது இந்த உண்மையைத் தன்னிடமிருந்து கறந்துவிடுவார்களோ என்ற பயம் அவரை வாட்டியது. பிரசாரப் படத்துக்குத் தன்னைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தலையைச் சவர அலகால் கிழித்து, முகத்தை முக்காலியால் அடித்து வீங்கவைத்துக்கொண்டார். பொய்யான காரணத்துடன் தொடங்கிய ஒரு யுத்தத்தின் கைதியாக, அந்தப் பொய்யையும் சேர்த்துக் காக்கவேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

"பேசாமல் இருங்கள்"

வெளியே சிபிலுக்கு, 1966 ஏப்ரலில் கணவனின் கையெழுத்தில் முதல் கடிதங்கள் கிடைக்கும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே உறுதியாகத் தெரியாது. அதற்குப் பின்னரும் அரசு அவருக்குச் சொன்னது ஒன்றுதான்: யாரிடமும் பேசாதீர்கள், பேசினால் உங்கள் கணவருக்குத்தான் ஆபத்து. ஜோன்சன் நிர்வாகத்தின் அதிகாரபூர்வக் கொள்கையாகவே இது இருந்தது.

நமது வாசகர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. முகாம் வாசல்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் நமது பெண்கள் கேட்ட அதே வசனம். பேசினால் ஆபத்து என்று சொல்பவர் உண்மையிலேயே கைதியின் பாதுகாப்பை நினைத்துச் சொல்லலாம். ஆனால் அந்த மௌனத்தால் நன்மை அடைபவர் பெரும்பாலும் அதைச் சொல்பவராகவே இருக்கிறார்.

சிபில் சிலகாலம் மௌனமாக இருந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. கடற்படைப் புலனாய்வுப் பிரிவுடன் சேர்ந்து, கணவனுக்கு அனுப்பிய புகைப்படம் ஒன்றுக்குள் இரகசியச் செய்தியை மறைத்து அனுப்பினார். படத்தை நனைத்தால்தான் செய்தி தெரியும். கடிதத்தில் அதற்கான குறிப்பு பூடகமாக இருந்தது. ஸ்டொக்டேல் புரிந்துகொண்டார். அதன் பிறகு அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் சக கைதிகளின் பெயர்களும் சித்திரவதை பற்றிய தகவலும் மறைந்து வந்தன.

சித்திரவதை நடப்பது அரசுக்குத் தெரியும், ஆனாலும் அரசு பேசவில்லை என்று தெரிந்தபோது சிபிலின் பொறுமை எல்லை கடந்தது. 1968 ஒக்டோபரில் சான் டியாகோ பத்திரிகை ஒன்றின் மூலம் பகிரங்கமாகப் பேசினார். அடுத்த ஆண்டு மே மாதம் நிக்ஸன் அரசின் பாதுகாப்புச் செயலாளர் மெல்வின் லெயார்ட் மௌனக் கொள்கையைக் கைவிட்டு, கைதிகள் நடத்தப்படும் விதத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1969 ஒக்டோபரில் சிபில் வேறு சில மனைவிமாருடன் பரிஸுக்குச் சென்று வட வியட்நாம் பிரதிநிதிகளை நேரில் சந்தித்தார். 1970இல் கைதிகளினதும் காணாமற்போனவர்களினதும் குடும்பங்களின் தேசிய அமைப்பு முறைப்படி பதிவானபோது அதன் முதலாவது தேசிய இணைப்பாளர் அவரே.

அவர்கள் கேட்டவை எளிமையானவை. சிறையில் இருப்போரின் பெயர்ப் பட்டியல். கடிதப் போக்குவரத்து. செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்வையிடல். காயப்பட்டோரின் விடுதலை. எல்லாமே ஜெனீவா உடன்படிக்கையில் உள்ளவை. அந்த உடன்படிக்கையில் இணைந்திருந்த ஹனோய், பிடிபட்ட விமானிகள் யுத்தக் குற்றவாளிகள் என்று சொல்லி அதை மறுத்துவந்தது. 1969இன் இறுதியிலிருந்து சிறையில் நிலைமை கணிசமாக மாறியது. அந்தச் செப்டெம்பரில் ஹோ சி மின் மறைந்ததையும் இந்தக் குடும்பங்களின் பிரசாரத்தையும் இதற்குக் காரணங்களாகச் சொல்கிறார்கள்.

வீடு திரும்பிய பின்

1973 பெப்ரவரி 12ஆம் திகதி ஸ்டொக்டேல் விடுதலையானார். அந்தப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் 591 அமெரிக்கக் கைதிகள் நாடு திரும்பினார்கள்.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட புகைப்படங்களில் ஒன்று அந்த நாட்களுடையது. விமானத் தளத்தில் சீருடையுடன் நிற்கும் ரொபர்ட் ஸ்டேர்ம் என்ற அதிகாரியை நோக்கி மனைவியும் பிள்ளைகளும் ஓடிவருகிறார்கள். மகள் இரு கைகளையும் விரித்துப் பறப்பதுபோல் வருகிறாள். புலிட்சர் பரிசு பெற்ற படம். ஆனால் அந்த அதிகாரியின் கையில், திருமணம் முடிந்துவிட்டது என்று மனைவி எழுதிய கடிதம் அதற்குச் சில நாட்கள் முன்பே கிடைத்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த எவரெட் அல்வாரெஸின் மனைவியோ, அவர் சிறையில் இருந்தபோதே விவாகரத்துப் பெற்றுவிட்டார். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இருப்பவரா இல்லாதவரா என்று தெரியாத ஒருவருக்காக ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை காத்திருக்காதவர்களுக்கு இல்லை.

ஸ்டொக்டேல் தம்பதியர் பிரியவில்லை. கணவர் மடக்க முடியாத காலுடன் வந்தார். மூத்த மகன் இளைஞனாகியிருந்தான். கணவன் இல்லாத ஆண்டுகளில் சிபில் ஜனாதிபதியுடனும் எதிரியுடனும் நேருக்கு நேர் பேசிய ஒரு தலைவராகியிருந்தார். 1984இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலில் ஓர் அத்தியாயம் அவருடையது, அடுத்தது இவருடையது என்று மாறி மாறி வருகிறது. அந்த ஏழரை ஆண்டுகளை இருவரும் வெவ்வேறு யுத்தங்களாக வாழ்ந்தார்கள் என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. 2005இல் ஸ்டொக்டேல் மறைந்தபோது அவர்களின் திருமணத்துக்கு 58 வயது. சிபில் 2015இல் மறைந்தார். இருவரும் கடற்படைக் கல்லூரி மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

யாருடைய மனைவிக்குக் கதவு திறந்தது?

இந்தக் கதையை அன்பின் வெற்றி என்று மட்டும் வாசிப்பது தவறு. தாமதமாகவேனும் சிபிலுக்குப் பின்னால் உலகின் பெரிய வல்லரசு நின்றது. கணவனின் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கைதிகளின் விவகாரத்தை நிக்ஸன் தன் யுத்தத்துக்கான ஆதரவாக மாற்றிக்கொண்டார் என்ற விமர்சனமும் உண்டு. அதே காலத்தில், அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாம் அரசின் கொன் சோன் தீவுச் சிறையில் ஆண்களும் பெண்களும் "புலிக்கூண்டு"களில் அடைக்கப்பட்டிருந்தது 1970இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அந்தக் கைதிகளின் மனைவிமாருக்கு வெள்ளை மாளிகையின் கதவு திறக்கவில்லை. யுத்தத்தின் முடிவில் கணக்கில் வராத அமெரிக்கர்கள் 2,646 பேர். அவர்களைத் தேட இன்றும் ஒரு தனி நிறுவனம் இயங்குகிறது. வியட்நாமியத் தரப்பில் காணாமற்போனவர்கள் 3 இலட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது.

இலங்கையிலும் எதிரியைத் தேடிச்சென்ற பெண்கள் இருந்தார்கள். 1998இல் கிளிநொச்சிச் சமரில் இராணுவ அதிகாரியான மகனைத் தொலைத்த கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச, காணாமற்போன படையினரின் பெற்றோரைத் திரட்டி, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கே சென்று பேசினார். படையினர் அடையாளத் தகடு அணியவேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கையாக இருந்தது. மறுபுறத்தில், புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலன் 2009 மே மாதம் முல்லைத்தீவில் தன் கண் முன்னே இராணுவத்திடம் சரணடைந்தார் என்று அவரது மனைவி அனந்தி சசிதரன் சொல்லிவருகிறார். வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்தார். எழிலன் திரும்பி வரவில்லை.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது இங்கேதான் துலங்குகிறது. ஹனோய் கைதிகளைக் கொடுமைப்படுத்தியது, ஆனால் அவர்கள் தன்னிடம் இருப்பதை ஒப்புக்கொண்டது. அவர்களை வைத்துப் பேரம் பேச அதற்குத் தேவை இருந்தது. உலக அபிப்பிராயமும் அதற்குத் தேவைப்பட்டது. எங்களிடம் யாரும் இல்லை என்று சொல்லும் அரசிடம் அப்படியான பிடி எதுவும் கிடைப்பதில்லை. 2017 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் உறவுகளைச் சந்தித்து, சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடப் பணிப்பதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எங்கே, எப்போது, யாரால் என்று சொல்லவில்லை. காணாமற்போனோர் அலுவலகமும் காணக்கிடைக்காமைச் சான்றிதழும் வந்தன. செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் 2025இல் வெளிவந்தன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டம் தொடர்கிறது. அதில் அமர்ந்திருந்த பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

1973 ஜனவரி 27ஆம் திகதி பரிஸில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான அதே நாளிலேயே கைதிகளின் பெயர்ப் பட்டியல் கையளிக்கப்பட்டது. அது உடன்படிக்கையின் நிபந்தனை. கணினி இல்லாத காலம், எட்டு ஆண்டு கால யுத்தம், இருந்தும் பட்டியல் இருந்தது. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு அளித்ததாக இலங்கை அரசு பெருமையுடன் சொல்கிறது. அத்தனை பேரை எண்ணிப் பதிவு செய்த அரசிடம், வட்டுவாகலில் பஸ்களில் ஏற்றப்பட்டவர்களின் பதிவு மட்டும் இல்லை என்று எப்படி நம்புவது? சிபிலும் மற்ற மனைவிமாரும் முதலில் கேட்டது பெயர்களைத்தான். நமது தாய்மாரும் மனைவிமாரும் கேட்பதும் அதையேதான். இழப்பீட்டுத் தொகையும் சான்றிதழும் பேசப்படும் ஒவ்வொரு மேசையிலும் முதலில் வைக்கப்பட வேண்டியது அந்தப் பட்டியல்.