தொழுவமும் நாமும்: இளங்கன்றுகளை ரண ஜன்னியினின்று காப்போம்



ஒன்றிரண்டு கறவைகளைக் கொண்டு குடும்பம் நடத்தும் இல்லத்தில் ஒரு கிடேரிக் கன்று பிறக்கின்றதென்றால், அது வெறுங் கன்றாக மட்டும் வருவதில்லை. வருங்காலப் பாலும், பிள்ளைகளின் படிப்புச் செலவும், அடைக்க வேண்டிய கடனின் தவணையும் அதன் உருவில் தொழுவத்தினுள் வருகின்றன. அத்தகைய கன்று, பிறந்த ஒன்றிரண்டு வாரங்களில் கால்கள் விறைத்து, வாய் கட்டுண்டு, பால் குடிக்க இயலாமல் மடிவதைப் போன்ற துயரம் ஏழை உழவனுக்கு வேறில்லை. இத்துயரைத் தருவது ரண ஜன்னி. தனுர்வாதம் என்றும் டெட்டனஸ் என்றும் இதனைக் கூறுவர். வந்தபின் தீர்ப்பது அரிது. வராமல் தடுப்பதோ எளிது. ஆதலின் இத்திங்கள் இதனைப் பற்றிச் சிந்திப்போம்.

நோய் பிறக்கும் விதம்

இந்நோயை விளைவிக்கும் நுண்கிருமியை 1889ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ, ஜெர்மனியில் ராபர்ட் காக் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்றுப் படாத இடத்தில் மட்டுமே வளர்வது இதன் இயல்பு. கால்நடைகளின் குடலிலும், சாணத்திலும், தொழு மண்ணிலும் இதன் வித்துகள் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். சிறிது நேரம் கொதிக்கும் நீரிலிட்டாலும் அவை மடிவதில்லை.

மண்ணில் கிடக்கும் மட்டும் அவற்றால் தீங்கில்லை. ஆழ்ந்த காயத்தினுள்ளோ, செத்த தசையினுள்ளோ புகுந்தால்தான் அவை முளைத்து நஞ்சைக் கக்குகின்றன. அந்நஞ்சு நரம்பு வழியே ஏறித் தசைகளை விறைக்கச் செய்கிறது. குதிரையையும் ஆட்டையும் நோக்க, மாட்டினம் இந்நோயை ஓரளவு தாங்க வல்லது என்பது உண்மையே. ஆயினும் கன்றுக்குத் திறந்த வாயில்கள் பல உள. முதலாவது, பிறந்தவுடன் ஈரமாய்த் தொங்கும் தொப்புள் கொடி. அடுத்தவை காயடித்தல், கொம்பு சுடுதல், காது குத்தி அடையாளமிடுதல், மூக்கணாங்கயிற்றுக்குத் துளையிடுதல், முள்ளும் ஆணியும் தைத்தல் ஆகியவை.

தொப்புள் காப்பு

ஈனும் இடம் சாணக்குழியை ஒட்டியதாய் இருத்தலாகாது. தரையைக் கழுவி உலர்த்தி, புதிய வைக்கோலைப் பரப்பி வைக்க வேண்டும். பெரும்பாலும் தொப்புள் கொடி தானே அறுந்துவிடும். அறாவிடில், வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுத் தூய நூலால் இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே புதிய சவரத் தகட்டால் அறுக்கலாம். அரிவாளும், காய்கறி நறுக்கும் கத்தியும் இதற்கு ஆகா. நூலையும் கருவியையும் முன்னதாகவே பிரஷர் குக்கரில் ஆவி வந்தபின் இருபது நிமிடம் வைத்து எடுத்துக்கொள்வது நன்று. வெறும் கொதிநீரைவிட அழுத்த ஆவியே வித்துகளைக் கொல்லும் ஆற்றலுடையது.

பின்னர், அகன்ற வாயுள்ள சிறு குப்பியில் டிங்சர் அயோடினை ஊற்றி, கொடி முழுதும் நனையுமாறு தோய்க்க வேண்டும். கொடி உலரும் வரை நாளொன்றுக்கு இருமுறை இவ்வாறு செய்யலாம். அயோடின் கிருமிகளைக் கொல்வதோடு கொடியை விரைந்து உலர்த்தவும் செய்கிறது; உலர்ந்த கொடியில் கிருமி வளர இடமில்லை. சாம்பல், சாணம், மண், அரைத்த பச்சிலை ஆகியவற்றைத் தொப்புளில் அப்புதல் பகைவனை வாயிலில் வைத்து வரவேற்பதற்கு ஒப்பாகும்.

சீம்பாலும் தடுப்பூசியும்

பசுவின் உடலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பையின் வழியே கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பாலின் வழியாகவே செல்கின்றன. அவற்றை ஏற்கும் ஆற்றல் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள் அளவே உண்டு; அதுவும் மணிக்கு மணி குறைந்து வரும். ஆகவே, நஞ்சுக்கொடி விழுந்த பின்னரே பால் ஊட்ட வேண்டும் என்னும் பழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். பிறந்த இரண்டு மணிக்குள் முதற் சீம்பால் கன்றின் வயிற்றில் இருக்க வேண்டும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் அளவேனும் தேவை. அண்டை வீட்டார்க்குச் சீம்பால் பங்கிடுவது நல்ல வழக்கமே. ஆனால் முதற்பங்கு கன்றுக்கே உரியது.

எனினும், தாய்க்கு இந்நோயின் எதிர்ப்பு இருந்தால்தான் சீம்பாலில் அது வரும். கோமாரிக்கும் சப்பை நோய்க்கும் போடப்படும் ஊசிகள் ரண ஜன்னியைத் தடுக்கமாட்டா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கென டெட்டனஸ் டாக்ஸாய்டு ஊசி தனியே உண்டு. முதன்முறையாயின் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் வேண்டும்; ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னதாக இரண்டாவது ஊசி அமைவது சிறப்பு. முன்பு இந்நோய் கண்ட தொழுவமாயின், சினைப்பசு குறித்துக் கால்நடை மருத்துவரிடம் தவறாது பேசுங்கள்.

காயடித்தலும் கொம்பு சுடுதலும்

இறுக்கு வளையம் போட்டுக் காயடித்தால், வளையத்திற்குக் கீழுள்ள தசை இரத்த ஓட்டமின்றிச் சாகிறது. காற்றுப் புகாத அச்செத்த தசையே கிருமிக்கு உகந்த மனை. தோலைக் கிழிக்காமல் நரம்பை நசுக்கும் பர்டிசோ இடுக்கியால், பயிற்சி பெற்றவர் செய்வதில் ஆபத்து மிகக் குறைவு. எம்முறையாயினும் மழையும் சேறும் ஈயும் மலிந்த நாளைத் தவிர்த்து, வறண்ட நாளைத் தேர்ந்துகொள்க. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடுவதில்லை; இரண்டாவது ஊசிக்குப் பின் இரண்டு வாரமாவது செல்ல வேண்டும். அவ்வளவு பொறுக்க இயலாதபோது, அன்றே எதிர்நச்சு மருந்து தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். அதன் காப்பு சில வாரங்களுக்கே நிற்கும்.

அறிகுறி கண்டால்

நடையில் விறைப்பு, விறைத்து நிமிர்ந்த காதுகள், கட்டைபோல் நீண்ட வால், கண்ணின் உள்மூலையிலிருந்து விழியை மூடும் மூன்றாம் இமை, திறக்க மறுக்கும் வாய், வயிற்று உப்புசம், சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு விறைத்தல் ஆகியன இதன் குறிகள். அவற்றைக் கண்டவுடன் கன்றை இருண்ட, அமைதியான, மெத்தென்ற படுக்கையுள்ள இடத்திற்கு மாற்றி மருத்துவரை அழையுங்கள். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கஞ்சியையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க இயலாத கன்றின் நுரையீரலுக்குள் அது சென்றுவிடும். சூடு போடுதல் வேதனையையும் விறைப்பையும் மிகுவிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. வாயினுள் கையை விட்டுப் பார்த்தலும் ஆகாது. வெறிநாய்க்கடி நோயிலும் விழுங்க இயலாமை உண்டு. அது மனிதர் உயிரைப் பறிக்கும். ரண ஜன்னியோ ஒரு கன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. ஆதலின் ஏனையவற்றைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை.

நம் இல்லத்திற்கும் இதே பாடம்

தாய்க்கு ஊசி, தூய கருவி, தூய தொப்புள் என்னும் மூன்றும் மனிதக் குழந்தைக்கும் பொருந்துவனவே. இம்மூன்றையும் ஊர்தோறும் கொண்டு சென்றதன் பயனாய், பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்த இந்நோய் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவாகிவிட்டதென 2015ஆம் ஆண்டில் இந்தியா உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. தொழுவத்தில் வெறுங்காலுடன் உழைப்போர் தம் தடுப்பூசியையும் மறத்தலாகாது. ஆணி தைத்தால், சோப்பிட்டுக் கழுவி அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

ஒரு குப்பி அயோடின், ஒரு புதிய தகடு, ஒரு முழம் தூய நூல். பசுவின் மடி இறங்கத் தொடங்கும்போதே இம்மூன்றையும் ஒரு சிறு பெட்டியிலிட்டுத் தொழுவத்தில் மாட்டி வையுங்கள். கன்று நள்ளிரவில் பிறந்தாலும், அன்று கடை தேடி அலைய நேராது.